மூஸ் ஜா போவதாகவே எழுதுங்கள்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். 11 வயதில் மகன், 6 வயதில் மகள். ஒரே தங்கை கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், மூஸ் ஜா என்ற சிறிய ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வரும் ஏப்ரல் கடைசியில் தங்கைக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. மே மாதப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 66 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று வாரம் போய்வர ஆசைப்படுகிறார். கணவர் கடையை விட்டு வர முடியாது. அம்மா மட்டும் ஐந்தாறு மாதம் தங்கி, பிள்ளைப்பேறு பார்த்துவிட்டுத் திரும்புவார்.

விசாவுக்காக ஒரு ஏஜென்டைப் பார்த்திருக்கிறார். ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்ட அந்த ஏஜென்ட் நான்கு யோசனைகள் சொல்லியிருக்கிறார். ஒன்று: மூஸ் ஜா என்று எழுதினால் சந்தேகப்படுவார்கள், டொராண்டோ, நயாகரா சுற்றுலா என்று எழுதி ஹோட்டல் புக்கிங் ஒன்று வைத்துவிடலாம். இரண்டு: கணக்கில் 4 லட்சம்தான் இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு 15 லட்சம் வட்டிக்குப் புரட்டிப் போடுங்கள். மூன்று: 2018-இல் உங்களுக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதைச் சொல்ல வேண்டாம், கனடாக்காரனுக்கு அது தெரியாது. நான்கு: அம்மா பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பது வெளியே தெரியவே கூடாது, அது ‘வேலை’ என்று ஆகிவிடும்.

“எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. தங்கை முகத்தைப் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது. நான் என்ன செய்யட்டும்? அப்புறம், அந்த ஊரில் பிள்ளைகள் பார்க்க ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் அதே மாகாணத்தில், ரெஜைனா நகரில் குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். உங்கள் தங்கையின் ஊர் இங்கிருந்து மேற்கே காரில் முக்கால் மணி நேரம்தான். உங்கள் ஏஜென்ட் சொன்ன நான்கில் மூன்று யோசனைகள், நல்லபடியாகக் கிடைக்க வாய்ப்புள்ள ஒரு விசாவைக் கெடுத்துவிடும். நான்காவது, இல்லாத ஒரு குற்றத்தை நீங்களே உருவாக்கி மறைப்பது. உங்கள் குடும்பத்தின் உண்மையான கதை நல்ல கதை. அதை அப்படியே எழுதினாலே போதும்.

2018 மறுப்பை மறைக்காதீர்கள்

இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். இது அப்படி இல்லை. கனடா விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசாவோ அனுமதியோ மறுத்ததுண்டா என்று. ‘வேறு எந்த நாடோ’ என்ற சொற்களைப் பலர் கவனிப்பதில்லை. ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டு வந்தவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கனடாவும் அமெரிக்காவும் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. 2018-இல் சென்னையில் நீங்கள் வைத்த கைரேகை அமெரிக்கப் பதிவேட்டில் இருக்கிறது. கனடாவுக்காக மறுபடி கைரேகை வைக்கும்போது பழைய மறுப்பு தெரிய வரலாம். அதன் பிறகு கேள்வி ‘ஏன் மறுத்தார்கள்’ என்பதாக இருக்காது, ‘ஏன் மறைத்தீர்கள்’ என்பதாக மாறிவிடும். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னாலோ மறைத்தாலோ ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் வர முடியாது. தங்கையின் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயது வரை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

‘ஏஜென்ட்தான் நிரப்பினார், எனக்குத் தெரியாது’ என்பதும் பெரும்பாலும் எடுபடாது. விண்ணப்பத்தில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது.

உண்மையில் அந்த மறுப்பு அவ்வளவு பெரிய கறையே இல்லை. அமெரிக்கச் சுற்றுலா விசா மறுக்கப்பட்டவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ‘2018-இல் மாமாவைப் பார்க்க விண்ணப்பித்தேன், மறுத்தார்கள், அப்போது இன்ன வேலையில் இருந்தேன், இப்போது நிரந்தரப் பணியில் இருக்கிறேன்’ என்று நாலு வரி எழுதினால் அதிகாரி படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

டொராண்டோ என்று எழுதலாமா?

வேண்டாம். இதில் உங்கள் ஏஜென்டின் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

விசா அதிகாரி முக்கியமாகத் தீர்மானிக்க வேண்டியது, தங்க அனுமதித்த காலம் முடிந்ததும் நீங்கள் திரும்பிப் போவீர்களா என்பதைத்தான். கனடாவில் யாரையும் தெரியாத ஒரு ஆசிரியை, கணவரை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளோடும் வயதான அம்மாவோடும் மூன்று வாரம் நயாகரா பார்க்கப் போகிறார் என்று எழுதினால் எப்படி இருக்கும்? நானே நம்ப மாட்டேன். அதே குடும்பம், ஒரே தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, விடுமுறையில் பார்க்கப் போகிறோம் என்றால் யாருக்கும் புரியும். தங்கை கனடாவில் இருப்பதையும் மறைக்க வழியில்லை. அம்மாவின் படிவத்தில் பிள்ளைகள் எங்கே வசிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அங்கே மூஸ் ஜா என்றும், பயணத் திட்டத்தில் டொராண்டோ என்றும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிடும்.

பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘குடும்பத்தினரைப் பார்க்க’ என்றே போடுங்கள். தங்கை ஒரு அழைப்புக் கடிதம் எழுதட்டும்: யார் யார் வருகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், செலவு யாருடையது, அம்மா மட்டும் எப்போது திரும்புவார். பி.ஆர். அட்டையின் நகல், சம்பளச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், பிரசவத் தேதி குறித்த டாக்டர் கடிதம் ஆகியவற்றை இணைக்கலாம். அழைப்புக் கடிதம் வந்துவிட்டால் விசா உறுதி என்று நினைக்க வேண்டாம்; அது ஒரு ஆதாரம், அவ்வளவுதான். நீங்கள் எழுதுவதும் தங்கை எழுதுவதும் தேதி உட்பட ஒத்துப்போக வேண்டும்.

சரி, அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். சுமார் 33 ஆயிரம் பேர் வாழும் ஊர். நம் பக்கம் அதை ஒரு பேரூராட்சி என்போம். ஆனால் பிள்ளைகளோடு மெதுவாக மூன்று வாரம் இருக்க, டொராண்டோவைவிட இதுவே எனக்குப் பிடிக்கும்.

ஊருக்குள் நுழையும்போதே டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை ஓரம் ‘மேக்’ என்ற பிரம்மாண்டமான மூஸ் மான் சிலை நிற்கும். 1984-இல் இரும்புச் சட்டம் கட்டி, கம்பிவலை போர்த்தி, சிமென்ட் பூசிச் செய்தது. உலகிலேயே உயரமான மூஸ் சிலை என்ற பெருமையோடு முப்பது ஆண்டுகள் நின்றது. 2015-இல் நார்வேயில் ஒரு ஊர் இதைவிட 30 சென்டிமீட்டர் உயரமாகப் பளபளவென்று ஒன்றை நிறுத்திவிட்டது. ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 2019-இல் மேக்குக்குப் புதிதாகப் பெரிய கொம்புகள் செய்து மாட்டி மறுபடி முந்திக்கொண்டார்கள். உங்கள் மகனிடம் இந்தக் கதையை விமானத்தில் சொல்லுங்கள். இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பான்.

மேற்குக் கனடா வளர்ச்சி அருங்காட்சியகத்தின் போக்குவரத்துப் பிரிவு இந்த ஊரில்தான் இருக்கிறது. பழைய ரயில் எஞ்சின், கார், விமானம் எல்லாம் ஒரே கூரைக்கடியில் இருப்பதால், மழை பெய்கிற நாளில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு அரை நாள் உட்காரலாம். கனடா விமானப்படையின் சாகசக் குழுவான ஸ்னோபேர்ட்ஸின் இருப்பிடமும் இந்த ஊர்தான். ஊர் நடுவில் கிரசென்ட் பூங்கா, அதற்குள்ளேயே நூலகம். ஆற்றோரமாக வாக்கமாவ் பள்ளத்தாக்கில் நடைபாதை உண்டு. வடக்கே அரை மணி நேரம் போனால் பஃபலோ பவுண்ட் மாகாணப் பூங்காவில் காட்டெருமை மந்தையைப் பார்க்கலாம்.

என் அம்மா இங்கே வந்தபோது அவருக்குப் பிடித்தது கனிம ஊற்று நீர்க் குளம். தரைக்கு ஆயிரம் மீட்டருக்கும் கீழிருந்து எடுக்கும் வெந்நீர். குளத்தின் ஒரு பகுதி உள்ளே, ஒரு பகுதி திறந்த வெளியில். நவம்பர் மாதம், வெளியே காற்று ஊசியாய்க் குத்துகிறது, அம்மா கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்து, ஆவிக்கு நடுவில், நெற்றியில் வைத்த விபூதி கரையக் கரைய, முட்டி வலி போன இடம் தெரியவில்லை என்றார். உங்கள் அம்மாவையும் கூட்டிப்போங்கள். நீச்சலுக்கான உடை எடுத்துவர வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, தொழில் காரணமாக எனக்கு மனதை விட்டுப் போகாதது, ஊரின் கடைவீதிக்கு அடியில் இருக்கும் சுரங்கங்கள். வழிகாட்டி நடிகர்கள் வேடமிட்டுக் கதை சொல்லிக் கூட்டிப்போவார்கள். ஒரு சுற்று அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயக் கதை. சிகாகோவின் கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோன் இங்கே வந்ததாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை, பிள்ளைகள் ரசிக்கட்டும். இன்னொரு சுற்று சீனத் தொழிலாளர்களைப் பற்றியது. நிலவறையில் யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பின்னணியில் உள்ள சட்டம் முழு உண்மை. சீனத் தொழிலாளர்களும் உழைத்த ரயில் பாதை போட்டு முடிந்த 1885-இலேயே கனடா அரசு சீனர்கள் உள்ளே வர ஆளுக்கு 50 டாலர் தலைவரி விதித்தது. 1900-இல் அது 100 ஆனது, 1903-இல் 500. 1923-இல் சீனர்கள் வருவதையே ஏறக்குறைய முழுவதும் நிறுத்தினார்கள். 1947 வரை அது நீடித்தது. மனைவியை, பிள்ளையைக் கூட்டிவர முடியாமல் இங்கேயே கிழவர்களாகிச் செத்தவர்கள் உண்டு. 2006-இல்தான் நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். மகனுக்கு 11 வயதாகிறது. அந்தச் சுற்றுக்குக் கூட்டிப்போங்கள், வெளியே வந்து அவன் கேட்கிற கேள்விகளுக்கு நேரம் கொடுங்கள். சின்னவள் இருட்டில் பயப்படலாம்.

இவற்றில் நாலைந்தை எடுத்து ஒரு பக்கப் பயணத் திட்டமாக விண்ணப்பத்தோடு வையுங்கள். நீங்கள் உண்மையாகவே போகப்போகிற இடங்கள் என்பது படித்தாலே தெரியும்.

வட்டிக்குப் பணம் புரட்டிப் போடுவது

திடீரென்று கணக்கில் விழுந்த 15 லட்சம் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். மறுக்கப்பட்ட கோப்புகளில் அதிகாரிகள் எழுதிவைக்கும் உட்குறிப்புகளை வரவழைத்துப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. அண்மையில் ஒன்றில், ஆறு மாதக் கணக்கில் சம்பளமும் மளிகைச் செலவுமாக ஓடிய வரிகளுக்கு நடுவே ஒரே நாளில் வந்த பெரிய தொகையைச் சுட்டிக்காட்டி, ‘எங்கிருந்து வந்தது என்று விளக்கம் இல்லை’ என்று எழுதி முடித்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஊரில் சொந்த வீடும் தோட்டமும் இருந்தன. அந்தக் காகிதங்களை யாரும் இணைக்கவில்லை.

உங்கள் 4 லட்சம், மாதாமாதம் வரும் சம்பளம், கணவரின் வருமான வரிக் கணக்கு, கடையின் ஜி.எஸ்.டி. பதிவு, வீட்டுப் பத்திரம், வைப்புத்தொகை இருந்தால் அதன் ரசீது: இவை போதும். தங்கும் செலவும் சாப்பாடும் தங்கை வீட்டில் என்பதால் நீங்கள் காட்ட வேண்டியது பெரும்பாலும் விமானக் கட்டணமும் கைச்செலவும்தான். டிக்கெட் செலவில் பாதியைத் தங்கை தருகிறார் என்றால் அதையும் கடிதத்தில் சொல்லட்டும்.

உங்களிடம் இருக்கும் மிகப் பலமான காகிதம் வேறு: வெளிநாடு செல்லத் துறை தரும் தடையின்மைச் சான்றும், ஜூனில் பணிக்குத் திரும்பும் தேதி எழுதிய விடுப்பு அனுமதியும். அதை இப்போதே கேட்டு வையுங்கள், நம் அலுவலகங்களில் கோப்பு நகர நேரமாகும். கணவர் ஊரில் இருக்கிறார் என்பது உதவும். ஆனால் ஒருவரை விட்டுவிட்டுப் போனாலே விசா கொடுத்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

அம்மா பேரக்குழந்தையைத் தூக்கினால் குற்றமா?

இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தப்பட வைத்த இடம் இது. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா போவதைத் திருட்டுக் காரியம்போல மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கனடா விதிகளின்படி வேலை என்பது சம்பளம் வாங்கிச் செய்வது, அல்லது இங்குள்ள வேலைச் சந்தையில் உள்ளவர்களோடு நேரடியாகப் போட்டியிடும் வகையில் செய்வது. பார்க்க வந்த இடத்தில் சொந்தக்காரருக்குச் சம்பளமில்லாமல் கைகொடுப்பது அதில் வராது. குடிவரவுத் துறை தன் அதிகாரிகளுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டலில், வேலையாகக் கருத வேண்டாம் என்பதற்கு உதாரணமாகவே, மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதவும் தாயைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தங்கை அம்மாவுக்கு மாதாமாதம் இவ்வளவு என்று கூலி பேசிக் கொடுத்தால்தான் சிக்கல். ‘குழந்தை பிறந்திருக்கும் நேரத்தில் மகளோடு இருக்கப் போகிறேன்’ என்று அம்மா தாராளமாக எழுதலாம்.

அடுத்து, எந்த விசா. சாதாரணப் பார்வையாளர் விசாவில் வருபவர்கள் பொதுவாக உள்ளே வந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை தங்கலாம். விமான நிலைய அதிகாரி வேறு தேதி எழுதினால் அந்தத் தேதிதான் கணக்கு. விசா பத்து வருடத்துக்குச் செல்லுபடியானாலும் ஒரு தடவை தங்குவது அவ்வளவுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டுபவர்கள் உண்டு. பெற்றோர், தாத்தா பாட்டிக்கென்று ‘சூப்பர் விசா’ தனியாக இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து அதில் ஒரே மூச்சில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். தங்கைக்குப் பி.ஆர். இருப்பதால் அம்மாவுக்குத் தகுதி உண்டு. ஆனால் தங்கை வீட்டு வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்ட வேண்டும், அம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், குறைந்தது 1 லட்சம் டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

அம்மா ஐந்தாறு மாதத்தில் திரும்புவது உறுதி என்றால் இப்போதைக்குச் சாதாரண விசா போதும் என்பது என் கருத்து. தங்கையும் அவர் கணவரும் ஷிப்ட் வேலை, குழந்தைக்கு ஒன்றரை இரண்டு வயது வரை அம்மா வேண்டும் என்று மனதில் இருந்தால், அதை இப்போதே பேசி முடிவெடுத்து சூப்பர் விசாவுக்கே போடுங்கள். ஆறு மாதம் என்று எழுதிவிட்டு இரண்டு வருடம் தங்கும் எண்ணத்தோடு வராதீர்கள். வந்தபின் உண்மையாகவே கூடுதல் நாள் தேவைப்பட்டால், அனுமதித்த தேதி முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே இங்கிருந்தே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

காப்பீட்டைச் சாதாரண விசாவுக்குக் கேட்க மாட்டார்கள் என்பதால் விட்டுவிடாதீர்கள். மாகாண மருத்துவ அட்டை பார்வையாளர்களுக்குக் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தால் பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். பாலிசி வாங்கும்போது ‘முன்பே உள்ள நோய்’ என்ற பகுதியைத் தங்கையை உட்கார வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பல பாலிசிகளில், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை பயணத்துக்கு முன் மூன்று அல்லது ஆறு மாதம் ‘நிலையாக’ இருந்திருக்க வேண்டும் என்று இருக்கும். நிலையாக என்றால் டாக்டர் பார்வையில் நல்லபடியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. மாத்திரையின் அளவுகூட மாறியிருக்கக் கூடாது என்பது. என்னிடம் வந்த ஒரு பெரியவர், விமானம் ஏறுவதற்கு இருபது நாள் முன்பு சுகர் மாத்திரையை 500-இலிருந்து 1000 ஆக்கிக்கொண்டார். இங்கே வந்து மயங்கி விழுந்தார். நிறுவனம் அந்த ஒரு சீட்டைக் காட்டி க்ளெய்மை நிராகரித்துவிட்டது. உங்கள் அம்மாவின் சர்க்கரை மருந்தைப் போன மாதம்தான் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்துப் பாலிசியைத் தேர்ந்தெடுங்கள். கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். மருந்தைக் கைப்பையில், டாக்டர் சீட்டோடு, மருந்தின் பொதுப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, மூலமருந்தின் பெயர்) எழுதி எடுத்து வரட்டும்.

ஏஜென்டை என்ன செய்வது?

கனடா குடிவரவு விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவும் பிரதிநிதியாக இருக்கவும் கனடாவில் பதிவுபெற்ற வழக்கறிஞர்களுக்கும் சட்டத் துணைப் பணியாளர்களுக்கும் (பாராலீகல்), உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்களுக்கும், கியூபெக் மாகாண நோட்டரிகளுக்கும் மட்டுமே சட்டப்படி அனுமதி. ‘பிரதிநிதி படிவத்தில் என் பெயர் வேண்டாம், நீங்களே போட்டதாக இருக்கட்டும்’ என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுக் கட்டணம் இப்போது ஆளுக்கு 100 கனடா டாலர். கைரேகைக்கு 85. 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் கைரேகை வேண்டியதில்லை. ஆக நான்கு பேருக்கும் சேர்த்து 570 டாலர், நம் பணத்தில் முப்பத்தைந்தாயிரம் சுற்று. ஒன்றரை லட்சத்தில் மீதி எதற்கு என்று நீங்களே பாருங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு மதிப்பெண் பட்டியல் போடுகிற உங்களால் தங்கையை வீடியோவில் வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட முடியும். ஜனவரி தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஒருவேளை மறுத்துவிட்டால் கலங்க வேண்டாம். காரணத்தைப் பார்த்து, குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக முடிவு தெரிந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசமும் உண்டு. ஒரு விடுமுறைப் பயணத்துக்கு அந்தச் செலவை நான் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை.

கிளம்பும் முன்னும் இறங்கிய பின்னும்

அப்பா இல்லாமல் பிள்ளைகள் வருவதால், இன்ன தேதியில் இன்னாரோடு பயணம் செய்யச் சம்மதம் என்று கணவரிடம் கடிதம் எழுதி வாங்கி நோட்டரி முன் கையெழுத்துப் போட வையுங்கள். அவரது பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகலும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் கைப்பையில் இருக்கட்டும். எல்லை அதிகாரி அவருக்குப் போன் செய்து கேட்கவும் கூடும். சஸ்காச்சுவான் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். நீங்கள் இங்கே மத்தியானம் இறங்கினால் அங்கே நடுராத்திரி. அன்று இரவு மட்டும் போனைச் சத்தத்தில் வைத்துத் தூங்கச் சொல்லுங்கள்.

மே மாதம் என்றதும் நம் மே மாதத்தை நினைக்க வேண்டாம். பகலில் 18 டிகிரி, விடியற்காலையில் 5 டிகிரி என்று இருக்கும், தொடக்கத்தில் ஒரு நாள் பனி விழுந்தாலும் விழும். காற்று ஓயாது. ஆளுக்கு ஒரு நல்ல ஜாக்கெட், அம்மாவுக்குக் காது மூடும் குல்லா, சாக்ஸ். இரவு எட்டே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் தூங்க மறுப்பார்கள். சில இடங்கள் மே மூன்றாம் வாரத்து விக்டோரியா தின விடுமுறையை ஒட்டித்தான் திறக்கும். ஆகவே மாதத்தின் பின்பாதி அதிகம் வரும்படி தேதி வையுங்கள்.

மூஸ் ஜாவுக்குப் பயணிகள் ரயில் இல்லை, மாகாண அரசுப் பேருந்தையும் 2017-இல் நிறுத்திவிட்டார்கள். ரெஜைனா விமான நிலையத்துக்குத் தங்கை கணவர் கார் கொண்டுவர வேண்டும். இந்த மாகாணத்தில் ஏழு வயதுக்குக் கீழ், 145 சென்டிமீட்டரைவிடக் குட்டையாகவும் 36 கிலோவுக்குக் குறைவாகவும் உள்ள பிள்ளைகளுக்கு, காரில் அவர்களை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை கட்டாயம். உங்கள் மகளுக்கு ஒன்று ஏற்பாடு செய்து காரில் மாட்டியே எடுத்துவரச் சொல்லிவிடுங்கள், கைக்குழந்தை வீட்டில் இருக்கும் அவசரத்தில் மறந்துபோகும்.

குடிவரவுச் சோதனை ரெஜைனாவில் நடக்காது, கனடாவில் முதலில் இறங்கும் ஊரில், கால்கரியிலோ டொராண்டோவிலோ நடக்கும். பொடி, ஊறுகாய், கருப்பட்டி, பிரசவ லேகியம் என்று என்ன கொண்டுவந்தாலும் உணவுப் பொருள் இருக்கிறது என்று அறிவித்துவிடுங்கள். அதிகாரி எங்கே போகிறீர்கள், எதற்கு, எத்தனை நாள் என்று கேட்பார். சில நேரம் குனிந்து பிள்ளைகளிடமும் கேட்பார். பயிற்சி எதுவும் கொடுக்காதீர்கள். மூஸ் ஜாவில் சித்திக்குப் பாப்பா பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறோம் என்று உங்கள் மகள் சொல்லட்டும்.